கறுப்புத் திரையிலிருந்து டெஸ்க்டாப் வரை: லினக்ஸ் கணினி வெறும் எழுத்தோடு நின்றுவிட்டால்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. அதையொட்டிச் சிங்கப்பூரின் ஈசூன், உட்லண்ட்ஸ், ஜூரோங் பக்கம் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் பழைய மடிக்கணினியை வீசவிடாமல் லினக்ஸ் மிண்ட்டோ சுபுண்டுவோ (இரண்டும் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகள்) போட்டுக் கொடுத்தோம். பெரும்பாலும் வார இறுதியில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல்மேசையில் உட்கார்ந்து செய்த வேலை. கணினிகள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் மாதத்துக்கு இரண்டு மூன்று அழைப்பாவது வரும்: "திரை கறுத்துப்போச்சு, எழுத்து மட்டும் வருது, என்ன செய்ய?" அப்படிக் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

கட்டளைகளைத் தொலைபேசியில் படித்துச் சொல்வது போலவே தமிழ் ஒலியில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது, பெரிய எழுத்து என்று தனியாகச் சொல்லாத இடமெல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. 'டீ' என்றால் தேநீரின் டீ, 'டி' என்றால் டிசம்பரின் டி. 'சிறுகோடு' என்பது கழித்தல் குறி. சொற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. ஒட்டி எழுத வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் 'லாகின்' என்று வெள்ளை எழுத்து மட்டும் தெரிகிறது. என் படங்கள், கோப்புகள் எல்லாம் போய்விட்டனவா?

போகவில்லை. முதலில் இதை நம்புங்கள். இந்தப் பயத்தில்தான் பலர் கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அங்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறார்கள். உண்மையான இழப்பு அங்கேதான் நடக்கிறது.

'லாகின்' என்ற எழுத்து வந்துவிட்டாலே கணினியின் உயிர்நாடி சரியாக இருக்கிறது என்று பொருள். வன்தட்டைப் படித்தாகிவிட்டது, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் ஏறிவிட்டது, பின்னணிச் சேவைகள் ஓடுகின்றன. ஓடாமல் நிற்பது படம் காட்டும் பகுதி மட்டும்.

அந்த இடத்தில் உங்கள் பயனர் பெயரைத் தட்டி என்டர் அழுத்துங்கள். அடுத்து கடவுச்சொல். தட்டும்போது திரையில் ஒன்றுமே நகராது, நட்சத்திரம்கூட வராது. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது கெடவில்லை. பக்கத்தில் நிற்பவர் எழுத்துகளை எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. முழுக் கடவுச்சொல்லையும் தட்டி என்டர் கொடுங்கள்.

உள்ளே போனதும் 'எல்எஸ்' என்று இரண்டு எழுத்தைத் தட்டுங்கள். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்று உங்கள் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வரும். அவற்றைப் பார்த்த பிறகு மற்றவர்களைப் போல உங்களுக்கும் கை நடுக்கம் நின்றுவிடும். அப்புறம் நிதானமாக வேலை பார்க்கலாம்.

அப்படியென்றால் டெஸ்க்டாப் என்பதுதான் என்ன?

அதுவும் ஒரு நிரல்தான். விண்டோஸில் இயங்குதளமும் டெஸ்க்டாப்பும் ஒட்டிப் பிறந்தவை போலத் தெரிவதால், படம் வந்தால்தான் கணினி என்று நாம் பழகிவிட்டோம். லினக்ஸில் அது அடுக்கடுக்காக இருக்கிறது. அடியில் கர்னல். அதன்மேல் சேவைகளை எழுப்பிவிடும் சிஸ்டம்டி. அது எழுப்பும் சேவைகளில் ஒன்று, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அழகான நுழைவுத் திரை. அதன் பெயர் டிஸ்பிளே மேனேஜர். மிண்ட், சுபுண்டு இரண்டிலும் லைட்டிஎம், உபுண்டுவில் ஜிடிஎம், கேடிஇ பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் எஸ்டிடிஎம். நீங்கள் நுழைந்ததும் திரையில் வரையும் பொறுப்பை எக்ஸ் அல்லது வேலாண்ட் எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல்தான் பட்டைகளும் பொத்தான்களும் கொண்ட டெஸ்க்டாப்: எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன், க்னோம் என்று பல.

எக்ஸ் பழைய கை. 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது, இன்று ஓடும் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. வேலாண்ட் 2008இல் தொடங்கப்பட்டது. இந்த இரண்டில் உங்களிடம் ஓடுவது எது என்பதைப் பொறுத்துக் கட்டளை மாறும் என்பதால்தான் இவ்வளவு கதை.

முதலில் எந்தக் கட்டளை?

இணையத்தில் தேடினால் எல்லாரும் 'ஸ்டார்ட்எக்ஸ்' என்றுதான் சொல்வார்கள். நான் அதை முதலில் சொல்வதில்லை. நுழைவுத் திரையோடு வந்த கணினி என்றால், அந்த நுழைவுத் திரையையே எழுப்பிப் பார்ப்பதுதான் முறை:

சுடோ சிஸ்டம்சிடீஎல் ஸ்டார்ட் டிஸ்பிளே-மேனேஜர்

முதலில் வரும் 'சுடோ' (எஸ், யூ, டி, ஓ) கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்வது. 'சிஸ்டம்சிடீஎல்' ஒரே சொல்: சிஸ்டம் என்ற சொல்லோடு சி, டீ, எல் மூன்றும் ஒட்டும். 'டிஸ்பிளே-மேனேஜர்' நடுவே சிறுகோட்டுடன் ஒரே சொல். லைட்டிஎம்மா ஜிடிஎம்மா என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உபுண்டு, மிண்ட், டெபியன், ஃபெடோரா எல்லாவற்றிலும் இந்தப் பொதுப்பெயர் வேலை செய்யும். உங்கள் கடவுச்சொல்லை இன்னொரு முறை கேட்கும்.

திரை வந்துவிட்டால் வழக்கம்போல நுழையுங்கள். வராமல் பழைய எழுத்துக்கே திரும்பினால், 'ஸ்டார்ட்' இருந்த இடத்தில் 'ஸ்டேட்டஸ்' என்று மாற்றித் தட்டுங்கள். ஏன் விழுந்தது என்பதைக் கடைசிச் சில வரிகள் சொல்லும். அந்த வரிகளைக் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் அந்த ஒரு படம் பாதி வேலையை முடித்துவிடும்.

'ஸ்டார்ட்எக்ஸ்' என்ன செய்கிறது? எப்போது பயன்படுத்துவது?

நுழைவுத் திரையே இல்லாத கணினியில், அல்லது அது பழுதாகி நிற்கும்போது, எழுத்துத் திரையிலிருந்து நேராக டெஸ்க்டாப்புக்குத் தாவ இது வழி. ஸ்டார்ட் என்ற சொல்லோடு எக்ஸ் எழுத்தை ஒட்டி ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள், அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது இது. ஸ்டார்ட்எக்ஸ் ஒரு சிறு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு. அது 'எக்ஸ்இனிட்' என்ற நிரலை அழைக்கும், எக்ஸ்இனிட் எக்ஸ் சர்வரை எழுப்பும். பிறகு உங்கள் வீட்டுக் கோப்புறையில் (ஹோம்) 'டாட் எக்ஸ்இனிட்ஆர்சி' என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதில் எழுதியிருப்பதை வரி வரியாக நிறைவேற்றும், இல்லாவிட்டால் கணினிக்குப் பொதுவாக வைத்திருக்கும் கோப்பை எடுத்துக்கொள்ளும். பெயரின் முன்னால் புள்ளி இருப்பதால் அந்தக் கோப்பு சாதாரணமாகக் கண்ணில் படாது. 'எல்எஸ் சிறுகோடு ஏ' என்று தட்டினால் தெரியும்.

அந்தக் கோப்பின் கடைசி வரிதான் எல்லாம். எக்ஸ்எஃப்சிஇ வேண்டுமென்றால் 'எக்செக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4', மாட்டே என்றால் 'எக்செக் மாட்டே-செஷன்', எல்எக்ஸ்கியூடீ என்றால் 'எக்செக் ஸ்டார்ட்எல்எக்ஸ்கியூடீ', கேடிஇ பிளாஸ்மா என்றால் 'எக்செக் ஸ்டார்ட்பிளாஸ்மா-எக்ஸ்11'. கடைசி வரியில் ஓடும் நிரல் முடிந்த கணமே எக்ஸும் தன் கடையைச் சாத்திவிடும். அதனால் அந்த வரியின் முடிவில் தவறிப்போய் 'அண்ட்' குறியை (&) போட்டுவிட்டால் நிரல் பின்னணிக்குப் போய்விடும், முடிந்துவிட்டது என்று எக்ஸ் எடுத்துக்கொள்ளும், திரை ஒரு மின்னல் மின்னிவிட்டுக் கறுப்புக்கே திரும்பும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இதோடு ஓர் இரவு முழுக்கப் போராடியிருக்கிறார். மறுநாள் கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த ஒரு குறிதான்.

டெபியன் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது உபுண்டு, மிண்ட், சுபுண்டு வைத்திருப்பவர்களுக்கு, ஒரு தனிக் குறிப்பு: டாட் எக்ஸ்இனிட்ஆர்சி எழுதாதீர்கள். அதே வரியை 'டாட் எக்ஸ்செஷன்' என்ற கோப்பில் எழுதுங்கள். காரணம் தமிழ் விசைப்பலகையோடு தொடர்புடையது. கீழே அந்தக் கேள்வியிலேயே சொல்கிறேன்.

சுடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டலாமா?

வேண்டாம். அப்படி ஓட்டினால் உங்கள் வீட்டுக் கோப்புறையில் இருக்கும் 'டாட் எக்ஸ்ஆத்தாரிட்டி' (எக்ஸ் திரையைப் பயன்படுத்தும் அனுமதிச் சாவி) போன்ற கோப்புகள் ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் சொத்தாக மாறிவிடக்கூடும். மறுநாள் நீங்கள் சாதாரணமாக நுழைய முயன்றால், உங்கள் வீட்டுச் சாவி உங்களிடமே இல்லை என்ற நிலை. ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால்:

சுடோ ச்சவுன் உங்கள்பெயர் டாட் எக்ஸ்ஆத்தாரிட்டி

'ச்சவுன்' என்பது சி, எச், ஓ, டபிள்யூ, என். 'டாட் எக்ஸ்ஆத்தாரிட்டி' இடைவெளியின்றி ஒட்டி, அதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. இதற்குப் பிறகு சுடோ இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

கடவுச்சொல் சரியாகத்தான் போடுகிறேன். ஒரு நொடி உள்ளே போய்விட்டு மறுபடி நுழைவுத் திரைக்கே வந்துவிடுகிறது. ஏன்?

மேலே சொன்ன எக்ஸ்ஆத்தாரிட்டி ஒரு காரணம். ஆனால் வீட்டுக் கணினிகளில் நான் அதிகம் பார்த்தது வேறு: வன்தட்டு நிரம்பிவிடுவது.

அங் மோ கியோவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். தீபாவளி முடிந்த வாரம் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். "தம்பி, பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன். உள்ளே விட்டுட்டு உடனே வெளியே தள்ளுது. பேரப்பிள்ளைங்க வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு." குரலே சரியில்லை.

"டீச்சர், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க. மடிக்கணினியில எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்கணுமா இருக்கலாம்." இரண்டாவது முயற்சியில் எழுத்துத் திரை வந்தது. நுழைந்தார்கள். 'டிஎஃப் சிறுகோடு எச்' தட்டச் சொன்னேன், டி, எஃப், இடைவெளி, சிறுகோடு, எச் என்று எழுத்தெழுத்தாக. "நிறைய வரி வருதே" என்றார்கள். "கடைசியில தனியா ஒரு சாய்கோடு மட்டும் இருக்கிற வரியைப் பாருங்க. அதுல ஒரு விழுக்காடு இருக்கும்." சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "நூறு."

அவ்வளவுதான் சங்கதி. எக்ஸ்டி4 என்ற கோப்பமைப்பு உள்ள தட்டில் வழக்கமாக 5 விழுக்காடு இடம் ரூட் பயனருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால் கணினி எழும், நுழைவுத் திரையும் வரும். ஆனால் டீச்சரின் பெயரில் ஒரு சின்னக் கோப்பைக்கூட எழுத இடமிருக்காது. எக்ஸ்ஆத்தாரிட்டி எழுத முடியாமல் டெஸ்க்டாப் மடிந்து விழும், நுழைவுத் திரை திரும்ப வரும்.

"நான் பழைய வீடியோ நிறைய அழிச்சேனே" என்றார்கள். அழித்ததெல்லாம் குப்பைத்தொட்டியில் இருந்தது. குப்பைத்தொட்டியும் அதே தட்டில்தான் இருக்கிறது. எழுத்துத் திரையிலேயே அதைக் காலி செய்ய ஆர்எம் என்ற கட்டளை உண்டு. ஆனால் தொலைபேசி வழியாக நான் யாரையும் ஆர்எம் தட்டச் சொல்வதில்லை. ஓர் இடைவெளி தவறினால் போகக் கூடாதது போய்விடும். அதற்குப் பதில் இரண்டு பாதுகாப்பான கட்டளைகள்:

சுடோ ஏபிடீ கிளீன்

சுடோ ஜர்னல்சிடீஎல் --வேக்கும்-சைஸ்=200எம்

இரண்டாவது கட்டளையின் கடைசி 'எம்' மட்டும் பெரிய எழுத்து. முதலாவது, மென்பொருள் நிறுவியபோது இறக்கிவைத்த பொதிகளைத் துடைக்கும். இரண்டாவது, கணினியின் பழைய நாட்குறிப்புகளை 200 மெகாபைட்டுக்குள் சுருக்கும். சொந்தக் கோப்பு எதையும் இரண்டும் தொடாது. அன்றைக்கு இவற்றால் கிடைத்த இடம் உள்ளே நுழையப் போதுமானதாக இருந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தி நுழைவுத் திரைக்குத் திரும்பி, கடவுச்சொல் போட்டு உள்ளே போனார்கள், குப்பைத்தொட்டியைச் சுட்டியாலேயே காலி செய்தார்கள். "நூறு இப்ப என்ன ஆச்சு தம்பி?" என்று அவர்களே மறுபடி டிஎஃப் தட்டிப் பார்த்து, "அறுபத்தெட்டு" என்று மகிழ்ச்சியாகப் படித்துச் சொன்னார்கள்.

எழுத்துத் திரையிலிருந்து டெஸ்க்டாப்புக்குத் திரும்ப எந்த விசை?

மிண்ட், சுபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7. க்னோம் உள்ள உபுண்டுவில் எஃப்1 நுழைவுத் திரை, எஃப்2 உங்கள் டெஸ்க்டாப். எஃப்3 எங்கேயும் எழுத்துத் திரைதான் என்பதால் அதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

ஸ்டார்ட்எக்ஸ் தட்டினால் 'சர்வர் ஏற்கெனவே ஓடுகிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் திட்டுகிறது.

டிஸ்பிளே 0 என்ற இடத்தில் ஒரு டெஸ்க்டாப் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். மேலே சொன்ன விசைகளை அழுத்தித் தேடிப் பாருங்கள். இல்லவே இல்லை என்றால், கணினியை ஒருமுறை அணைத்துத் திறப்பதே எளிது. டீஎம்பி கோப்புறையில் தங்கிப்போன பழைய பூட்டுக் கோப்பு அப்போது போய்விடும்.

ஸ்டார்ட்எக்ஸ் தட்டினால் 'கட்டளை இல்லை' என்று சொல்கிறது. அப்படியானால்?

பெரும்பாலும் டெஸ்க்டாப்பே நிறுவப்படவில்லை என்று பொருள். உபுண்டு சர்வர் பதிப்பைத் தெரியாமல் இறக்கிவிட்டவர்களுக்கு இது நடக்கும். கணினியை இணையக் கம்பியில் இணைத்துவிட்டு:

சுடோ ஏபிடீ அப்டேட்

சுடோ ஏபிடீ இன்ஸ்டால் எக்ஸ்எஃப்சிஇ4 லைட்டிஎம்

'லைட்டிஎம்' என்பது லைட் என்ற ஆங்கிலச் சொல்லோடு டி, எம் ஒட்டியது. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇதான் என் தேர்வு. க்னோம் அழகாக இருக்கும், ஆனால் உலாவியில் நான்கு பக்கம் திறந்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

க்னோமையும் ஸ்டார்ட்எக்ஸால் எழுப்பலாமா? பழைய வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கிறது.

பழைய வழிகாட்டி என்பதுதான் சிக்கல். 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49இல் எக்ஸ் அமர்வு இயல்பாகவே முடக்கப்பட்டுவிட்டது. அடுத்த மாதம் வந்த உபுண்டு 25.10இலும் வேலாண்ட் அமர்வு மட்டுமே. வேலாண்டில் எக்ஸ் சர்வரைத் தனியாக எழுப்பும் வேலை கிடையாது. டெஸ்க்டாப்பே திரையில் வரைந்துகொள்ளும். ஆகவே அதன் பெயரைச் சொல்லி நேராக அழைக்க வேண்டும்: ஸ்வே என்ற டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் 'ஸ்வே' என்று தட்டினால் போதும், பிளாஸ்மாவுக்கு 'ஸ்டார்ட்பிளாஸ்மா-வேலாண்ட்'. க்னோமைப் பொறுத்தவரை ஜிடிஎம் வழியாகவே எழுப்புங்கள், அதாவது மேலே சொன்ன டிஸ்பிளே-மேனேஜர் கட்டளை. நேராக அழைத்தால் திரைப்பூட்டு போன்றவை ஒழுங்காக வேலை செய்யாமல் தொல்லை தரும்.

எழுத்துகூட வரவில்லை. முழுக்கக் கறுப்பு. மேம்படுத்தல் முடிந்து மறுபடி திறந்ததிலிருந்து இப்படி.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் வரைகலை அட்டைக்கும் புதிய கர்னலுக்கும் ஒத்துப்போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது அடிக்கடி நடக்கும்.

கணினியை அணைத்துத் திறக்கும்போதே எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். சில பழைய கணினிகளில் ஷிஃப்டைப் பிடித்திருக்க வேண்டும். க்ரப் என்ற பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' போய்ப் பட்டியலில் இருக்கும் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். நேற்றுவரை ஓடிய கர்னல் இன்றும் ஓடும் என்பதால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அதுவும் பலிக்காவிட்டால், பட்டியலில் முதல் வரிமேல் நின்று 'இ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் நீளமான வரியின் இறுதிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். படம் கரடுமுரடாக வந்தாலும் வரும். இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே. உள்ளே போனதும் இயக்கியைச் சரிசெய்ய வேண்டும்: உபுண்டுவில் 'சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்', மிண்ட்டில் டிரைவர் மேனேஜர். நோமோட்செட்டோடே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். அட்டையின் முழுத்திறனும் வீணாகும், காணொளி தடுமாறும்.

எங்கே தவறு என்று கணினியே சொல்லாதா?

சொல்லும். எக்ஸின் குறிப்பேடு 'எக்ஸ்ஆர்க் டாட் 0 டாட் லாக்' (எக்ஸ் பெரிய எழுத்து) என்ற பெயரில் இருக்கும். ஸ்டார்ட்எக்ஸால் எழுப்பியிருந்தால் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் டாட் லோக்கல், ஷேர், எக்ஸ்ஆர்க் என்று உள்ளே உள்ளே போனால் கிடைக்கும். நுழைவுத் திரை எழுப்பியிருந்தால் வார் கோப்புறைக்குள் லாக் கோப்புறையில் பாருங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். அடைப்புக்குறிக்குள் இரண்டு 'இ' எழுத்துகளோடு தொடங்கும் வரிகள் மட்டுமே பிழை. இரண்டு 'டபிள்யூ' இருந்தால் அது எச்சரிக்கை, பெரும்பாலும் விட்டுவிடலாம். வேலாண்ட் என்றால் 'ஜர்னல்சிடீஎல் சிறுகோடு பி' (இந்தப் பி 'பஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) தட்டி, ஷிஃப்ட் பிடித்து ஜி அழுத்திக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள்.

துவாஸில் விடுதியில் இருக்கிறேன். புதுக்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக் கணினிக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை தட்ட உதவும் நிரல்) வழியாக நுழைந்து ஸ்டார்ட்எக்ஸ் தட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அண்ணே, ஸ்டார்ட்எக்ஸ் எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தக் கணினியின் திரையில்தான் வரைய முயலும். அது வெற்றி பெற்றிருந்தாலும் படம் புதுக்கோட்டையில்தான் தெரிந்திருக்கும். பெரும்பாலும் வெற்றி பெறாது, அங்கே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே எக்ஸ் சர்வரைத் தொடங்க அனுமதி உண்டு.

ஒரு சின்ன நிரலை மட்டும் இங்கே பார்க்க வேண்டுமென்றால், எஸ்எஸ்எச்சோடு 'சிறுகோடு பெரிய எக்ஸ்' சேர்த்து நுழைந்து, அந்த நிரலின் பெயரைத் தட்டலாம். ஆனால் எக்ஸ் ஒவ்வொரு அசைவுக்கும் அங்கும் இங்கும் கேட்டுக் கேட்டுத்தான் வரையும். ஒரே வீட்டுக்குள் சரி, கடல் தாண்டினால் பொறுமை சோதிக்கப்படும். முழு டெஸ்க்டாப்பும் வேண்டுமென்றால் ஊர்க் கணினியில் 'எக்ஸ்ஆர்டிபி' நிறுவிக்கொள்ளுங்கள். அது 3389 என்ற வாசலில் (போர்ட்) காத்திருக்கும். அந்த வாசலை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள், கதவைத் தட்டிப் பார்க்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகக் கொண்டுவாருங்கள்:

எஸ்எஸ்எச் -எல் 3389:லோக்கல்ஹோஸ்ட்:3389 பெயர்@முகவரி

இதில் 'எல்' பெரிய எழுத்து. பிறகு இங்குள்ள ரிமோட் டெஸ்க்டாப் நிரலில் முகவரியாக 'லோக்கல்ஹோஸ்ட்' கொடுத்தால் வீட்டுத் திரை வந்துவிடும். உங்கள் இயந்திரத்தில் 3389 ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தால், முதல் எண்ணை 3390 என்று மாற்றி, முகவரியை 'லோக்கல்ஹோஸ்ட்:3390' என்று கொடுங்கள்.

ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில்?

'சுடோ ராஸ்பி-கான்ஃபிக்' தட்டி, சிஸ்டம் ஆப்ஷன்ஸ் போய், டெஸ்க்டாப்பில் எழும்படி மாற்றுங்கள். 'லைட்' பதிப்பில் டெஸ்க்டாப் கிடையாது. பை 4இல் இரண்டு திரைத் துளைகள் உண்டு, மின்கம்பிக்குப் பக்கத்தில் இருப்பதில் மாட்டுங்கள். திரை வரவில்லை என்று வந்தவர்களில் பலருக்கு அதுவே தீர்வாக இருந்தது.

ஒவ்வொரு முறையும் கட்டளை தட்டாமல் தானாகவே டெஸ்க்டாப் வர வேண்டும்.

சுடோ சிஸ்டம்சிடீஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிக்கல்.டார்கெட்

எழுத்துத் திரையிலேயே எழ வேண்டுமானால் கிராஃபிக்கல் இருந்த இடத்தில் 'மல்டி-யூசர்'. இப்போது எது அமலில் இருக்கிறது என்பதை 'சிஸ்டம்சிடீஎல் கெட்-டிஃபால்ட்' சொல்லும். பழைய நூல்களில் ரன்லெவல் 5, ரன்லெவல் 3 என்று வருவது ஏறக்குறைய இவற்றைத்தான்.

'செட்-டிஃபால்ட்' இருந்த இடத்தில் 'ஐசோலேட்' என்று தட்டினால் மாற்றம் அந்தக் கணமே நடக்கும். டெஸ்க்டாப்பில் இருந்துகொண்டு மல்டி-யூசருக்கு ஐசோலேட் செய்தால் திறந்திருக்கும் எல்லாமே மூடிவிடும், சேமிக்காத எழுத்து போய்விடும். ஆகவே முதலில் சேமியுங்கள்.

எழுத்துத் திரையில் என் தமிழ்க் கோப்புப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. லினக்ஸின் எழுத்துத் திரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்துருவங்களைத்தான் வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் தனித்தனியாக நிறுத்தும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வந்து உட்கார வேண்டுமே, அந்த நுட்பம் அதற்குத் தெரியாது. டெஸ்க்டாப் வந்ததும் பெயர்கள் பழையபடி தெரியும். கட்டமாகத் தெரிகிறதே என்று பெயர் மாற்றவோ அழிக்கவோ போக வேண்டாம்.

தமிழ் திரையில் வருவதற்கு இந்த ஊரில் பட்ட பாடு இங்கே நினைவுக்கு வருகிறது. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995இலேயே இணையத்தில் தமிழ் எழுத்தை ஏற்றிக் காட்டினார். 1997இல் தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூரில்தான் நடந்தது, 1999இல் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமானது. அந்த ஆண்டே அவர் காலமானார். நம் வீட்டுக் கணினியில் தமிழ்99 என்று ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

ஸ்டார்ட்எக்ஸ் போட்டு டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஆனால் தமிழில் தட்ட முடியவில்லை, ஆங்கிலம் மட்டுமே வருகிறது. நுழைவுத் திரை வழியாகப் போனால் தமிழ் வருகிறது.

டெபியன் குடும்பத்துக்கு டாட் எக்ஸ்செஷன் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். தமிழ்99 வேலை செய்ய ஐபஸ் என்ற பின்னணி நிரல் ஓட வேண்டும். நுழைவுத் திரை வழியாகப் போகும்போது கணினியின் பொது எக்ஸ்செஷன் ஸ்கிரிப்ட் அதைத் தானாக எழுப்பிவிடும். நீங்கள் சொந்தமாக டாட் எக்ஸ்இனிட்ஆர்சி எழுதிவைத்தால் ஸ்டார்ட்எக்ஸ் அந்தப் பொது ஸ்கிரிப்ட்டைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். டெஸ்க்டாப் வரும், ஐபஸ் வராது.

டாட் எக்ஸ்இனிட்ஆர்சியை வேறு பெயருக்கு மாற்றிவையுங்கள். 'எக்செக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4' என்ற வரியை டாட் எக்ஸ்செஷனில் எழுதுங்கள். இப்போது ஸ்டார்ட்எக்ஸ் பொது ஸ்கிரிப்ட் வழியாகவே போகும், வழியில் ஐபஸை எழுப்பிவிட்டு, கடைசியில் உங்கள் வரியை நிறைவேற்றும். 'ஐபஸ்-எம்17என்' என்ற பொதி நிறுவப்பட்டிருக்க வேண்டும், தமிழ்99 அதற்குள்தான் இருக்கிறது. உள்ளே போய் ஒரு தாளைத் திறந்து, விசைப்பலகையை மாற்றி, உங்கள் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

ஸ்டார்ட்எக்ஸால் வந்த டெஸ்க்டாப்பிலிருந்து எப்படி வெளியேறுவது?

வழக்கம்போல 'லாக் அவுட்'. எழுத்துத் திரைக்குத் திரும்புவீர்கள். அங்கே நீங்கள் நுழைந்தது நுழைந்தபடியே இருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 'எக்சிட்' தட்டி அதையும் மூடுங்கள். கணினியையே அணைப்பதென்றால் 'பவர்ஆஃப்'.